உப்புமூட்டையா, தலையெழுத்தா? டர்போ கார்களின் மூளையை மாற்றிய வரலாறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழ்வார்பேட்டையில் பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சண்டை. அண்ணன் டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. "இதுக்குள்ள இன்னும் முப்பது குதிரை தூங்கிக்கிட்டு இருக்கு. எழுப்பி விட்டா போதும்" என்றான்.

பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "எழுப்பி என்னடா பண்ணப் போற? டிடிகே ரோடு ட்ராஃபிக்குல அதுவும் சேர்ந்து நின்னுக்கிட்டு இருக்கும்" என்றார்.

கடைசியில் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. "நீதானே மெக்கானிக்கல் படிக்கிற. பெட்டி வைக்கிறதா, ரீமேப் பண்றதா, இல்ல ரெண்டுமே வேணாமா? நல்லா படிச்சுட்டு வந்து சொல்லு."

படித்தேன். பதில் தேடப் போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அதுதான் இந்தக் கட்டுரை. காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

இரண்டு வழிகள்

இன்றைய எஞ்சினை நடத்துவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். இ.சி.யு. என்பார்கள். காற்று எவ்வளவு வருகிறது, எவ்வளவு சூடு, நாம் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தோம் என்பதையெல்லாம் சென்சார்கள் அதற்குச் சொல்லும். எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி வர வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதை அது முடிவு செய்யும்.

இந்த முடிவை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகுவது. அதற்குப் பெயர் பிக்கிபேக். நம் ஊரில் பிள்ளைகளை முதுகில் தூக்குகிறோமே, உப்புமூட்டை, அதேதான். முதுகில் ஏறிய பிள்ளை, சுமப்பவர் காதில் எதையோ சொல்லி வழியை மாற்றுவது போல, இந்தப் பெட்டி இ.சி.யு.விடம் பொய்யான அளவுகளைச் சொல்லித் தனக்கு வேண்டியதைச் செய்ய வைக்கும்.

இரண்டாவது வழி, இ.சி.யு.வின் நினைவகத்தில் இருக்கும் எண்களையே அழித்துவிட்டு வேறு எண்களை எழுதுவது. ரீஃப்ளாஷ், ரீமேப் என்பது இதுதான். நம் பாஷையில் சொன்னால் தலையெழுத்தை மாற்றி எழுதுவது.

எது நல்லது? அதற்கு முன், இந்த இரண்டும் ஏன் பிறந்தன என்று பார்த்துவிடுவோம்.

மூளை இல்லாத காலம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் நடத்தியது. அன்றைக்கு எஞ்சினின் சக்தியைக் கூட்ட வேண்டும் என்றால் கையில் கறை படியாமல் முடியாது. கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றுவார்கள். சிலிண்டர் ஹெட்டைச் சீவுவார்கள். காற்று போகும் துவாரங்களை அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். காதால் கேட்டு, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து, சரியா தப்பா என்று முடிவு செய்வார்கள்.

டீசலில் வேறு கதை. பெங்களூரின் மைக்கோ கம்பெனி (இப்போது பாஷ்) செய்த பம்ப்தான் பெரும்பாலான வண்டிகளில். அந்தப் பம்ப்பில், அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை நிர்ணயிக்கும் ஒரு திருகு உண்டு. யாரும் கைவைக்கக் கூடாது என்று அதை முத்திரையிட்டு அனுப்புவார்கள். மலையேற லோடு இழுக்கவில்லை என்றால் முத்திரையை உடைத்துத் திருகை ஒரு சுற்று விடுவதுதான் வைத்தியம். வண்டி இழுக்கும். கூடவே பின்னால் கரும்புகை வரும்.

இந்தத் திருகை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க வரப்போவது இதே கதைதான். தொழிற்சாலை ஓர் எல்லை வைக்கிறது, அதில் முத்திரை குத்துகிறது. யாரோ ஒருவர் அதை உடைக்கிறார். புகையை வேறு யாரோ சுவாசிக்கிறார்கள்.

டர்போவுக்கு ஏன் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது?

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிறிய கார் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்கு இது அந்நியப் பொருளும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் பையனூரில் டர்போ எனர்ஜி நிறுவனம் பல ஆண்டுகளாக டர்போக்களைத் தயாரித்து வருகிறது.

ஆனால் காரில் டர்போ வைப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அழுத்திய காற்று சூடாகும். சூடு அதிகமானால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும்வரை காத்திராமல் மீதிப் பெட்ரோல் கலவை தானாகவே கண்டபடி வெடிக்கும். இதுதான் நாக்கிங். பிஸ்டனை ஓட்டை போடக்கூடியது. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் இதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தது. வாங்கியவர்கள் பலர் அந்தத் திரவத்தை நிரப்பவே மறந்தார்கள். 1963க்குப் பிறகு அந்தக் கார் இல்லை.

பிரச்சினையைத் தீர்த்தது எலக்ட்ரானிக்ஸ். 1979இல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கம்ப்யூட்டர் கவனித்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் நிறுவனம், எஞ்சினில் ஒரு 'காது' வைத்தது. நாக்கிங் சத்தம் கேட்டால் டர்போ அழுத்தம் தானாகக் குறையும். சோழவரத்து மெக்கானிக் காதால் செய்த வேலையை இப்போது சென்சார் செய்தது, அதுவும் ஒவ்வொரு வெடிப்புக்கும்.

எல்லை வைக்கும் வேலை இப்படித்தான் திருகிலிருந்து எண்களுக்கு மாறியது.

உப்புமூட்டை பிறந்த கதை

அந்த எண்கள் எங்கே இருந்தன? இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971இல் கண்டுபிடித்த இப்ராம் வகை சிப்பில். அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அழிக்க வேண்டுமென்றால் கழற்றி, அந்த ஜன்னல் வழியே புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் இதைச் செய்தார்கள். பெட்டியைத் திறந்து, பழைய சிப்பை எடுத்துவிட்டு, வேறு எண்கள் எழுதிய சிப்பைப் பொருத்தினார்கள். 'சிப் ட்யூனிங்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் எல்லாக் காரிலும் சிப்பைக் கழற்ற முடியாது. கழற்றினாலும் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று தொழிற்சாலை யாருக்கும் சொல்லாது. ஜப்பான்காரர்கள் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். உள்ளே போக முடியாவிட்டால் என்ன, உள்ளே போகும் செய்தியை மாற்றலாமே?

1973இல் தொடங்கிய எச்.கே.எஸ். நிறுவனம் 'ஃப்யூல் கட் டிஃபென்சர்' என்று ஒரு பெட்டி விற்றது. அன்றைய ஜப்பானிய டர்போ கார்களில், காற்றழுத்தம் அளவுக்கு மீறினால் இ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடும். எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. இந்தப் பெட்டி, அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் "எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று இ.சி.யு.விடம் சொல்லிக்கொண்டே இருக்கும். காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போவது போல. அபெக்ஸி நிறுவனத்தின் பெட்டிகள் இன்னும் நுணுக்கமாக, காற்று அளவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பெட்ரோல் அளவை மாற்றின.

ஆக, பிக்கிபேக் சோம்பேறித்தனத்தில் பிறக்கவில்லை. பூட்டிய கதவின் முன்னால் பிறந்தது.

இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த மாற்றம்

இந்தியாவில் இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. மாருதி கார்களுக்கு கார்புரேட்டர் செய்து கொடுத்த யூகால் நம் சென்னை நிறுவனம்தான். 2000ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக, கார்களில் கார்புரேட்டர் மறைந்து இ.சி.யு. வந்தது. சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 விதி 2001இல், ஸ்டேஜ் 3 2005இல், ஸ்டேஜ் 4 2010இல் வந்தன.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டை ஒரு வினோதமான ஊர். சோழவரத்துக்குப் பதிலாகக் கட்டிய பந்தயத் தடம் 1990இல் அங்கே திறந்தது. 1998இல் பக்கத்திலேயே ஹூண்டாய் தொழிற்சாலை சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. அங்கிருந்து 2002இல் வந்த ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ., நம் நாட்டுச் சாதாரணக் குடும்பங்களுக்கு காமன் ரெயில் டீசலை அறிமுகப்படுத்திய முதல் கார்களில் ஒன்று. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், டர்போ, சுமார் 82 குதிரைசக்தி. 2007இல் ஸ்விஃப்ட் டீசல் வந்த பிறகு டர்போ என்பது மிடில் கிளாஸ் வீட்டு வாசலில் நின்றது.

காமன் ரெயில் என்றால், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை ஆயிரம் பாருக்கும் மேலே அழுத்தி வைப்பது. நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தத்தை அளக்க ஒரே ஒரு சென்சார். உப்புமூட்டை ஏறுவதற்கு இதைவிட வசதியான முதுகு கிடைக்குமா?

பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் டீசல்ட்ரானிக் என்ற பெட்டியை இந்திய டீசல் கார்களுக்கென்றே தயாரித்து விற்றது. வெளிநாட்டுப் பெட்டிகளும் வந்தன. பொருத்த அரை மணி நேரம், கழற்றப் பத்து நிமிடம்.

கணக்கு எளிது. இ.சி.யு. 1,000 பார் அழுத்தம் வேண்டும் என்று நினைக்கிறது. பெட்டி, உண்மை அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்கிறது. 1,000 இருக்கும்போது 900 என்கிறது. "போதவில்லையே" என்று இ.சி.யு. பம்ப்பை முடுக்குகிறது. பெட்டி '1,000' என்று சொல்லும்போது குழாயில் உண்மையில் இருப்பது 1,111. அதே நேரத்துக்குள் சுமார் ஐந்து சதவீதம் அதிக டீசல் உள்ளே போகிறது. பொய்யைப் பெரிதாக்கினால் டீசலும் கூடும்.

திருப்பதி மலையில் ஒரு பாடம்

எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. 2014, நான் நான்காம் வகுப்பு. பெரியப்பாவின் டீசல் காரில், அவருக்குத் தெரியாமல் அண்ணன் வைத்தது. ஒரு மாதம் அண்ணன் ராஜா மாதிரி ஓட்டினான். பிக்கப் மட்டுமா, மைலேஜும் கூடிவிட்டது என்றான். காரின் திரை லிட்டருக்கு 20 என்று காட்டியது. பெரியப்பா பங்க்கில் டாங்கை நிரப்பி, நோட்டில் எழுதிப் போட்ட கணக்கு 18ஐத் தாண்டவில்லை. "திரை பொய் சொல்லுதா, பங்க்காரன் பொய் சொல்றானா?" என்று பல நாள் குழம்பினார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. எவ்வளவு டீசல் தெளித்தோம் என்பதை இ.சி.யு. அழுத்தத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. அதற்குச் சொல்லப்பட்ட அழுத்தமே பொய். அது நம்பியதை நமக்குக் காட்டியது.

பிறகு திருப்பதிப் பயணம். மலைப்பாதையில், பாட்டியும் சேர்த்து ஐந்து பேர், ஏசி ஓடுகிறது. திடீரென்று எஞ்சின் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம். பின்னால் ஹாரன் சத்தம். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா சொல்லத் தொடங்கிவிட்டார். அண்ணன் முகம் வெளுத்துப்போய் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து எதையோ பிடுங்கினான். மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி ஒழுங்காக ஓடியது. அழுத்தம் தான் எதிர்பார்த்தபடி இல்லை என்று இ.சி.யு. சந்தேகப்பட்டுத் தன் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. மூன்று மாதம் கழித்து கிளட்ச் தேய்ந்து போனது. சர்வீஸில் காரணம் கேட்டபோது அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பெட்டி அதற்குள் அலமாரிக்குப் போயிருந்தது.

தலையெழுத்து சிப்

இதற்கிடையே பூட்டிய கதவு வேறு பக்கத்தில் திறந்துவிட்டது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா 1984இல் ஃப்ளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். நம் பென் ட்ரைவில் இருப்பதும் அதுதான். கழற்ற வேண்டாம், ஒளி காட்ட வேண்டாம், ஒயர் வழியே அழித்து எழுதலாம். கார் கம்பெனிகள் இதைத் தங்கள் வசதிக்காகத்தான் வைத்தன. தவறு கண்டுபிடித்தால் சர்வீஸ் சென்டரிலேயே திருத்திவிடலாமே. 1996 முதல் அமெரிக்காவில் எல்லாக் காரிலும் ஓ.பி.டி.-2 என்ற ஒரே மாதிரியான சாக்கெட் கட்டாயம் ஆனது. கம்பெனி நுழைய வைத்த வாசல் வழியாக ட்யூனர்களும் நுழைந்தார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? அட்டவணைகள், ஆயிரக்கணக்கில். இவ்வளவு சுற்றில், இவ்வளவு மிதித்தால், இவ்வளவு இழுவிசை. இந்த கியருக்கு இதற்குமேல் கூடாது. புகை வராமல் இருக்க இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல்தான். இப்படி ஒன்றோடு ஒன்று பின்னியவை. இந்த மென்பொருளில் நம்மவர்களின் உழைப்பும் உண்டு. பாஷ் நிறுவனத்துக்குக் கோவையில் பெரிய மென்பொருள் மையம் இருக்கிறது.

நல்ல ரீஃப்ளாஷ் என்பது இந்த அட்டவணைகளை ஒன்றுக்கொன்று முரண்படாமல் சேர்த்து மாற்றுவது. இங்கேதான் அது பிக்கிபேக்கை வெல்கிறது. அண்ணனின் இப்போதைய காரை எடுத்துக்கொள்வோம். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். எஞ்சின் தரும் இழுவிசை எவ்வளவு என்று இ.சி.யு. சொல்வதை வைத்துத்தான் கியர்பாக்ஸ் கிளட்ச்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று முடிவு செய்கிறது. உப்புமூட்டை ஏமாற்றிய இ.சி.யு., கியர்பாக்ஸிடமும் குறைவாகவே சொல்லும். பிடி போதாமல் கிளட்ச் வழுக்கும். ஒரு பொய் சங்கிலியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பெட்ரோலில் இன்னொரு வேடிக்கை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை சரியா என்று இ.சி.யு.வுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி கலவையை மாற்றினால், மெதுவாக ஓட்டும் நேரங்களில் இ.சி.யு. அதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் கற்றுக்கொள்ளும். கொஞ்ச நாளில் "முன்ன மாதிரி இல்லையே" என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

அதற்காக ரீஃப்ளாஷ் புனிதம் என்று நினைக்க வேண்டாம். எழுதும்போது பேட்டரி இறங்கினால் கார் நகராது. சர்வீஸ் சென்டர் புதிய மென்பொருள் ஏற்றினால் காசு கொடுத்து எழுதியது அழிந்துவிடும். எத்தனை முறை எழுதப்பட்டது என்று சில இ.சி.யு.க்கள் எண்ணி வைத்திருக்கும். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2000களின் இறுதியிலிருந்து டிஜிட்டல் கையெழுத்துப் பூட்டுகள் வந்தன. பூட்டு இறுகும்போதெல்லாம் உப்புமூட்டைப் பெட்டிகளுக்கு மறுபடி மவுசு வந்தது. சரியாகக் கவனித்தால் இந்த வரலாறு ஊஞ்சல் மாதிரி. கதவு திறந்தால் ரீஃப்ளாஷ், மூடினால் பிக்கிபேக்.

இன்னொன்று. எண்ணை மாற்றினால் இரும்பு மாறிவிடாது. ஸ்விஃப்ட்டில் 75 குதிரைசக்தி தந்த அதே 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், எஸ்.எக்ஸ்.4இல் 90 தந்தது. வெறும் மென்பொருளால் இல்லை, டர்போவே வேறு. தொழிற்சாலை பதினைந்து குதிரைக்கு டர்போவை மாற்றிய இடத்தில், ஒரு ஒயரும் ஒரு பெட்டியும் அதைவிட அதிகம் தருவதாகச் சொன்னால், அது எங்கிருந்து வருகிறது? பாதுகாப்புக்காக விட்டு வைத்த இடைவெளியிலிருந்து. சென்னை மே மாத வெயில், கலப்படப் பெட்ரோல், ஆயில் மாற்ற மறந்த உரிமையாளர், ஐந்து பேரோடு மலைப்பாதை, எல்லாவற்றையும் தாங்கத்தான் அந்த இடைவெளி.

தொழிற்சாலையே பொய் சொன்னபோது

இதுவரை படித்ததும் நான் ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டேன். பெட்டி பொய் சொல்கிறது, எழுதியவன் நேர்மையாக எழுதினால் ரீஃப்ளாஷ் பரவாயில்லை, தொழிற்சாலை எண்தான் சத்தியம் என்று. அப்போதுதான் 2015 குறுக்கே வந்தது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வுக்குழு 2013இல் மூன்று டீசல் கார்களை எடுத்துச் சாலையில் ஓட்டியே புகையை அளந்தது. குழுவில் சென்னைக்காரரான அரவிந்த் திருவேங்கடம், பெங்களூரின் ஹேமந்த் கப்பண்ணா, சுவிட்சர்லாந்தின் மார்க் பெஷ் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக இருந்த ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை விட்டது. 2014இல் முடிவுகள் வெளிவந்தன. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குற்றம்சாட்டியபோது உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. பரிசோதனை நடக்கிறது என்று உணர்ந்தால் ஒழுங்காகவும், சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ள இ.சி.யு.விலேயே எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திருப்பி அழைப்பதாக 2015 டிசம்பரில் நிறுவனம் அறிவித்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது.

திருப்பி அழைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? மென்பொருளை மாற்றி எழுதினார்கள். ரீஃப்ளாஷ்!

ஆக, பொய் சொல்வதற்கு உப்புமூட்டை தேவையில்லை. தலையெழுத்திலேயே பொய்யை எழுத முடியும். பெட்டியா, ரீஃப்ளாஷா என்பதைவிட, மாற்றியதை வெளிப்படையாகச் சொல்ல முடியுமா, சாலையில் வைத்து அளந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அரவிந்தும் நண்பர்களும் செய்தது அதைத்தான். பெரியப்பா டாங்கை நிரப்பி நோட்டில் கணக்குப் போட்டதும் அதேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமும் இப்போது இறுகிவிட்டது. தொழிற்சாலை கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓட்டிப் புகையை அளக்கும் சோதனையும் அதில் சேர்ந்தது. ஃபோக்ஸ்வேகன் விவகாரம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

என் தீர்ப்பு

போன ஞாயிறு மறுபடி அதே மேஜை. சொன்னேன். இரண்டில் ஒன்று என்றால், டைனமோமீட்டரில் ஏற்றி, கலவையையும் சூட்டையும் அளந்து, எதை மாற்றினேன் என்று எழுதிக் கொடுக்கும் ஆள் செய்யும் ரீஃப்ளாஷ்தான் பொறியியல். பெட்டியின் பெரிய பெருமையாகச் சொல்லப்படும் "எப்ப வேணா கழட்டிடலாம்" என்பது, யாரிடமோ மறைப்பதற்கான வசதி மட்டுமே. ஆனால் வாரன்ட்டியில் இருக்கும், ஊருக்குள் ஓடும் காருக்கு இரண்டுமே வேண்டாம். அது பந்தயத் தடத்துக்கான வேலை.

"அப்ப அந்த முப்பது குதிரை?" என்றான் அண்ணன்.

"அது தூங்கலண்ணா. காவல் காக்குது."

அவன் பதில் சொல்லவில்லை. மடியில் இருந்த அவன் இரண்டு வயது மகள் தட்டிலிருந்த அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இருங்காட்டுக்கோட்டைல என்னிக்காவது தடத்தை நம்ம மாதிரி ஆளுங்களுக்குத் திறந்து விட்டா கூப்பிடு. இருக்கிற குதிரைய முதல்ல ஓட்டிப் பாப்போம்" என்றான்.

பெரியம்மா மட்டும் விடவில்லை. "பாட்டி இருந்திருந்தா திருப்பதி கதையைச் சொல்லியே உன்னை நிறுத்தியிருப்பா. இவன் இவ்வளவு படிக்க வேண்டியிருந்திருக்காது" என்றார். உண்மைதான் :)

பி.கு.: பழைய பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ப்ராஜெக்ட்டுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டேன். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னொரு நாள் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு கதை இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.